பெங்களூரில் இரண்டாம் தரம் தேடியது

நான் வெளிநாடு போனதில்லை. வெளிநாட்டுச் சாமான் ஒன்றைத் தேடி பெங்களூர் போனேன். அதைத்தான் எழுதுகிறேன்.

வாணியம்பாடிக்குப் பக்கத்தில் ஒரு சின்ன மிஷன் ஆஸ்பத்திரி. அங்கே ஜெனரேட்டர், தண்ணீர் மோட்டார், ஆக்சிஜன் சிலிண்டர் எல்லாம் என் பொறுப்பு. படிப்பு ஐந்தாவதோடு சரி. இங்கிலீஷை எழுத்துக் கூட்டி வாசிப்பேன்.

ஆஸ்பத்திரிக்குப் பின்னால் ஓர் அறையில் சிஸ்டரம்மா இருந்தார். அமெரிக்காக்காரர். சின்ன வயதில் நர்சாக வந்தவர். ரிட்டையர் ஆனபிறகும் திரும்பிப் போகவில்லை. அந்த வருஷம் டைபாய்டு வந்து படுத்தார். காய்ச்சல் விட்டது. சாப்பாடு மட்டும் திரும்பி வரவில்லை. கஞ்சி, ரொட்டி, பால், எதை நீட்டினாலும் வாயை மூடிக்கொண்டு சுவர்ப்பக்கம் திரும்பிவிடுவார். மூக்கு வழியாகக் குழாய் போடலாமா என்று டாக்டரம்மா கேட்டார்.

"நான் எத்தினி பேருக்கு போட்டிருக்கேன் தெரியுமா? அது இன்னா கஷ்டம்னு எனக்குத் தெரியும். எனக்கு வேணாம்" என்றார். அவர் பேசுவது எங்கள் ஊர்த் தமிழ்தான். வேறு தமிழ் அவருக்குத் தெரியாது.

டாக்டரம்மா என்னை வராந்தாவில் நிறுத்திச் சொன்னார். "காய்ச்சல்ல போகல. சாப்பிடாமப் போயிடுவாங்க போலிருக்கு, ராஜேந்திரன்."

அன்று சாயங்காலம் அறைக்கு பல்பு மாற்றப் போனேன். ஸ்டூலிலிருந்து இறங்கியபிறகு கேட்டேன். "எது குடுத்தா சாப்பிடுவீங்கம்மா?"

கண்ணை மூடிக்கொண்டார். தூங்கிவிட்டார் என்று நினைத்தேன். அப்புறம் சொன்னார். "மேப்பிள் சிரப்."

"அது இன்னாம்மா?"

"மரத்துத் தண்ணிடா. பனி உருகற காலத்துல மரத்துல ஓட்ட போட்டா வடியும். காச்சினா பாகு. எங்கப்பா காச்சுவாரு."

பதநீர் மாதிரி என்று எடுத்துக்கொண்டேன். எங்கே கிடைக்கும் என்று கேட்டேன்.

"உன் மச்சான் இருக்கற பெங்களூர்ல எல்லாம் கெடைக்கும்னு பெரும அடிச்சினே இருப்பியே. போய்ப் பாரு" என்று சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார்.

டாக்டரம்மா பெயரை ஒரு சீட்டில் எழுதித் தந்தார். அடுத்த நாள் கிளம்பினேன்.

முதல் நாள் காலையில் கன்டோன்மென்ட் ஸ்டேஷனில் இறங்கினேன். குளிர். எங்கள் ஊரில் அந்த மாதத்தில் விசிறி இல்லாமல் உட்கார முடியாது. இங்கே ஆட்கள் ஸ்வெட்டர் மாட்டிக்கொண்டு டீ குடித்தார்கள். எங்கள் ஊர் கிளாசில் பாதி அளவுதான் டீ. அதையும் இரண்டு பேர் பாதி பாதியாகக் குடிக்கிறார்கள்.

என் மச்சான் ஏழுமலை மர்பி டவுனில் இருக்கிறான். ஆட்டோ ஓட்டுகிறான். வாசலில் என்னைப் பார்த்ததும் கேட்டான். "இன்னா மாமா, திடீர்னு? அக்கா தொரத்திடுச்சா?"

"இல்ல."

"பின்ன?"

சீட்டைக் காட்டினேன். திருப்பித் திருப்பிப் பார்த்தான். "இதுக்கா வாணியம்பாடிலேர்ந்து வந்த? பார்சல்ல போட்டுவுட சொல்லியிருந்தா நானே போட்டிருப்பனே."

"இது இன்னான்னு தெரியுமா உனக்கு?"

"தெரியாது. அதனால இன்னா? பெங்களூர்ல எல்லாம் கெடைக்கும்."

அவன் பெண்டாட்டி கலா இடியாப்பமும் கால் பாயாவும் வைத்தாள். அதைச் சாப்பிட்டுவிட்டுப் போனோம்.

வெளிநாட்டுச் சாமான் விற்கிற கடை கமர்ஷியல் தெருப் பக்கம் ஒன்று இருந்தது. கண்ணாடிக் கதவு. உள்ளே குளிர்காற்று. நான் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனேன். ஏழுமலை கையைப் பிடித்து இழுத்தான். "மாமா, செருப்பு போட்டுனு வா. கோயிலா இது?" திரும்பிப் போய்ப் போட்டுக்கொண்டு வந்தேன்.

கடைக்காரர் உருதுவில் பேசினார். ஏழுமலைக்கு அது தண்ணீர் பட்ட பாடு. எவ்வளவு வேண்டும், பெரியதா சின்னதா என்றுதான் அவர் கேட்டார். இருக்கிறதா இல்லையா என்ற பேச்சே இல்லை. எனக்கு அதிசயமாக இருந்தது. ஒரு பிளாஸ்டிக் பாட்டிலை எடுத்து வைத்தார். உள்ளே கெட்டியாக, காபி நிறத்தில் இருந்தது. பத்து மணிக்குள் வேலை முடிந்தது.

"நான் சொன்னேனா இல்லயா?" என்றான் ஏழுமலை.

எஸ்.டி.டி. பூத்திலிருந்து ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டேன். டாக்டரம்மா எடுத்தார். பின்பக்கம் பொடி எழுத்தில் இருப்பதை எழுத்து எழுத்தாகச் சொல்லச் சொன்னார். நான் சொல்லச் சொல்ல பூத்துக்கு வெளியே இரண்டு பேர் காத்திருந்தார்கள். ஒருவன் கண்ணாடியைத் தட்டினான். பாதிக்கு மேல் போனதும் டாக்டரம்மா போதும் என்றார்.

"அது சோளத்துல செஞ்ச சர்க்கரைத் தண்ணி, ராஜேந்திரன். மேப்பிள் வாசனை மட்டும் போட்டிருக்கான். மரத்துத் தண்ணி ஒரு சொட்டுகூட இல்ல."

ஆரஞ்சு மிட்டாயில் ஆரஞ்சு இல்லாத மாதிரி. அப்படிப் புரிந்தது. கடைக்காரர் திருப்பி எடுத்துக்கொள்ளவில்லை. கலாவிடம் கொடுத்தேன். சப்பாத்திக்குத் தொட்டுக்கொள்ள நன்றாக இருக்கிறது என்றாள்.

அன்று மத்தியானத்துக்குமேல் நான்கைந்து கடை ஏறி இறங்கினோம். மழை பிடித்துக்கொண்டது. அல்சூர் ஏரிப் பக்கம் தண்ணீரில் ஆட்டோ நின்றுவிட்டது. நான் இறங்கித் தள்ளினேன். ஏழுமலை உள்ளே உட்கார்ந்துகொண்டு "இன்னும் கொஞ்சம், மாமா, இன்னும் கொஞ்சம்" என்றான். பக்கத்தில் போன இன்னொரு ஆட்டோக்காரன் கன்னடத்தில் ஏதோ சொல்லிச் சிரித்தான். என்ன சொன்னான் என்று கேட்டேன். "பாசஞ்சர வெச்சி தள்ள வைக்கிறியே, மீட்டர் அவருக்குப் போடுவியா உனக்குப் போடுவியான்னு கேக்கறான்" என்றான்.

பெங்களூர்க்காரர்கள் நல்லவர்கள். மழையில் நின்றுபோன ஆளைப் பார்த்துச் சிரிக்கிறார்கள், அப்புறம் இறங்கிவந்து கூடத் தள்ளுகிறார்கள். அவனும் தள்ளினான்.

இரண்டாம் நாள் காலைச் சாப்பாடு, நின்றுகொண்டே சாப்பிடுகிற ஹோட்டலில். நாற்காலி கிடையாது. இடுப்பு உயரத்துக்குக் கல் மேஜை. காராபாத் என்று ஒன்று. எங்கள் ஊர் ரவா உப்புமாவுக்கு மஞ்சள் பூசியிருந்தார்கள். சாம்பார் இனித்தது. வெல்லம் போடுகிறார்கள். ஏழுமலைக்கு அது தெரியவே இல்லை. "எங்க இனிக்குது?" என்கிறான். அங்கேயே பிறந்தவன்.

ரிச்மண்ட் டவுன் பக்கத்தில் ஒரு கடையில் அசல் கிடைத்தது. கண்ணாடிப் பாட்டில். இலை படம். லேபிலில் வேறு எதுவும் கலக்கவில்லை என்று போட்டிருந்தது. அதை நானே எழுத்துக் கூட்டி வாசித்துவிட்டேன். கிரேடு ஏ, லைட் ஆம்பர் என்றும் இருந்தது.

எனக்கு அதன் நிறம் பிடிக்கவில்லை. வெளுப்பு. வடித்த டீக்கு இன்னொரு தரம் தண்ணீர் ஊற்றியது மாதிரி. எங்கள் பக்கம் வெல்லம் வாங்கும்போது வெளுப்பாக இருந்தால் தொட மாட்டோம். மருந்து போட்டு வெளுக்க வைத்திருப்பார்கள். கறுத்த வெல்லம்தான் நல்ல வெல்லம்.

"இது மருந்து போட்டதான்னு கேளு" என்றேன் ஏழுமலையிடம்.

அவன் கேட்டான். கடைக்காரர் பாட்டிலை என் கையிலிருந்து வாங்கித் துடைத்து அலமாரியில் திரும்ப வைத்துவிட்டார். மன்னிப்புக் கேட்டு அதை மறுபடி எடுக்க வைக்க ஏழுமலைக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. வாங்கினேன்.

மறுபடி போன். டாக்டரம்மா கேட்டுக்கொண்டு, "இரு, அவங்ககிட்ட சொல்லிட்டு வர்றேன்" என்று ரிசீவரை வைத்துவிட்டுப் போனார். மீட்டர் ஓடிக்கொண்டிருந்தது. ரொம்ப நேரம் யாரும் வரவில்லை. பிறகு சக்கரம் உருளுகிற சத்தம் கேட்டது. மூச்சு வாங்குகிற சத்தம். சிஸ்டரம்மா பேசினார். வீல் சேரில் தள்ளிக்கொண்டு வந்திருந்தார்கள்.

"இன்னா வாங்கின?"

"கிரேடு ஏம்மா. மொத தரம்."

"எந்த ஏ? ஏ-ல மூணு இருக்குதுடா. லைட்டு, மீடியம், டார்க்கு. வெளிச்சத்துல தூக்கிப் புடி. அந்தப் பக்கம் இருக்கறது தெரியுதா?"

தூக்கிப் பிடித்தேன். பாட்டிலுக்கு அந்தப் பக்கம் பூத்துக்காரர் தெரிந்தார். சொன்னேன்.

"அப்ப லைட்டு. அது மொத வடிப்பு. குளிர் விடறதுக்கு முன்னாடி வடியறது. பாக்க அழகா இருக்கும். சக்கர தவுர ஒண்ணும் இருக்காது. ஓட்டலுக்கு விக்கறது."

"மூணுல கடைசி வேணுமாம்மா? டார்க்கு?"

"அதுக்கும் அப்பால ஒண்ணு இருக்குது. பி. வெயில் ஏற ஏற தண்ணி கறுக்கும். மரம் மொட்டு வுடறதுக்கு முன்னால கடைசியா வடியறது. அதுலதான்டா மரம் தெரியும். எங்கப்பா ஏ எல்லாத்தையும் வித்துடுவாரு. பி எங்க ஊட்டுக்கு." கொஞ்சம் இருமினார். "ஏ குடுத்து என்ன ஏமாத்தாத."

போன் டாக்டரம்மா கைக்குப் போனது. அவர் மெதுவாகச் சொன்னார். "கட்டில்ல இருந்து அவங்களா எழுந்து உக்காந்தாங்க. உன்னத் திட்டறதுக்குத்தான். ஆனா இன்னிக்கும் எதுவும் சாப்பிடல. பாத்துச் செய்."

எனக்குத் தரம் என்றால் தோலில் தெரியும். எங்கள் ஊரைச் சுற்றித் தோல் பதனிடுகிற ஷாப்புகள். முதல் தரம் கப்பல் ஏறும். கழித்துக் கட்டியது ஊரில் நிற்கும். எங்கள் வீடுகளில் எல்லோரும் போடுவது ரிஜெக்ட் ஷூதான். சிஸ்டரம்மா ஊரிலும் முதல் தரம்தான் கப்பல் ஏறுகிறது. ஆனால் அவர்கள் கழித்ததை ஆசையாக வீட்டில் வைத்துச் சாப்பிட்டிருக்கிறார்கள். அதுதான் வித்தியாசம். யோசித்தால் அதில் ஒரு தொல்லையும் இருந்தது. கப்பல் ஏறாதது பெங்களூருக்கு எப்படி வரும்?

வராது. ஆனாலும் கேட்டோம். பி கிரேடு இருக்கிறதா என்று கேட்டதும் ஒவ்வொரு கடையிலும் முகம் மாறியது. பிரிகேட் ரோடு பக்கம் ஒருவர் கன்னடத்தில் சொன்னதை ஏழுமலை வெளியே வந்து எனக்குச் சொன்னான். "எங்க அப்பா காலத்துலேர்ந்து இங்க செகண்ட்ஸ் வித்ததில்ல. வேணும்னா சிவாஜி நகர் பிளாட்பாரத்துக்குப் போங்க."

அடுத்த கடையில் ஓர் அம்மா ரொம்ப மரியாதையாக, "பட்ஜெட் எவ்வளவுன்னு சொல்லுங்க, அதுக்கேத்த மாதிரி ஏ-லயே சின்ன பாட்டில் தரேன்" என்றார்.

ஏழுமலைக்குப் பொறுக்கவில்லை. "மாமா, பி-ன்னு கேக்காத. மானம் போவுது. பிச்சைக்காரன்னு நெனச்சுக்கறான். கொஞ்சம் கறுப்பா இருக்கறதுன்னு கேளு."

அப்படிக் கேட்டேன். ஒரு கடையில் சோயா சாஸ் எடுத்துக் கொடுத்தார்கள். இன்னொரு கடையில் டார்க் ஆம்பர் என்று ஒரு பாட்டில் இருந்தது. அது ஏ-யில் மூன்றாவது. என் பாட்டிலைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். நிறம் நன்றாகவே ஏறியிருந்தது. ஆனால் லேபிலில் ஏ. ஏ குடுத்து ஏமாற்றாதே என்று சொல்லிவிட்டார். வாங்கவில்லை.

ஏழுமலை வண்டியை வீட்டுக்குத் திருப்பினான். அவனுக்கு இரண்டு நாள் சவாரி போய்விட்டது. எங்கள் ஊருக்கு வெறுங்கையோடு போவதைவிட வெளுத்த பாட்டிலோடு போகலாம் என்று நினைத்தேன். சிஸ்டரம்மா வாயை மூடிக்கொண்டால் அது அவ்வளவுதான். அதற்கு மேல் நினைக்கவில்லை.

கலா சோறு போட்டாள். மாட்டுக்கறி வறுவல். சாப்பிடும்போது ஏழுமலை கதையைச் சொன்னான், கொஞ்சம் கூட்டி. சோயா சாஸ் வந்ததும் கலா சிரித்தாள். அப்புறம் கேட்டாள்.

"ஸ்டெல்லாக்காவக் கேக்கலாமே. ஜோகுபாளையத்துல. வெள்ளக்காரங்க ஊட்டுலயே இருவது வருஷமா சமைக்குது."

ஏழுமலை சோற்றில் கையை வைத்தபடியே அவளைப் பார்த்தான். "ஏன்டி, ரெண்டு நாளா பெங்களூரையே சுத்தியிருக்கோம். மொதல்லயே சொல்றதுக்கு இன்னா?"

"எங்கிட்ட யாரு கேட்டீங்க? சப்பாத்திக்கு நல்லா இருக்கான்னு மட்டும் கேட்டீங்க."

மூன்றாம் நாள் காலையில் ஜோகுபாளையம் போனோம். ஸ்டெல்லா அம்மாவுக்கு என் வயது இருக்கும். வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். ஒற்றை அறை, ஒரு சமையல் தடுப்பு. அலமாரி நிறைய எங்கள் ஊரில் பார்க்காத டப்பாக்கள். கடுகு விழுது. கறுப்பு ஆலிவ். என்னவோ மீன். வெள்ளைக்காரர்கள் ஊருக்குத் திரும்பும்போது பிரிட்ஜைக் காலி செய்து இவர் கையில் கொடுத்துவிட்டுப் போவார்களாம்.

"மேப்பிள்தான? இருக்குது" என்றார். எனக்கு நம்பிக்கை வரவில்லை. பிளாஸ்டிக் பாட்டிலும் இப்படித்தான் உடனே வந்தது.

அவர் எடுத்து வந்தது பழைய காபித்தூள் பாட்டில். லேபில் இல்லை. உள்ளே கறுப்பாக, முக்கால் அளவு. அடியில் கற்கண்டு கட்டியிருந்தது.

"ஏம்மா, இது வந்த டப்பா எங்க?" என்றான் ஏழுமலை.

"டின்னுல வந்துது. துருப் புடிச்சுது, போட்டுட்டேன். மேல வெள்ளையா பூஞ்ச கட்டிக்கிச்சு. எடுத்துட்டு அடுப்புல வெச்சிக் காச்சினேன். தண்ணியா வேற இருந்திச்சா, பதமே இல்ல. இன்னா பாகு காச்சறானுங்கன்னு நானே கம்பிப் பதத்துக்கு எறக்கி ஊத்தி வெச்சிருக்கேன்."

"அது பி-யா?" என்று கேட்டேன்.

"பி-யா சி-யான்னு யாருண்ணா பாத்தா? இத குடுத்துட்டுப் போன வெள்ளக்காரம்மா வருஷா வருஷம் அவங்க ஊர்லேர்ந்து எடுத்துனு வருவாங்க. சூட்கேஸ்ல துணி இருக்காது, டின்னுதான் இருக்கும். கடைல விக்கற மேப்பிள அவங்க தொட மாட்டாங்க."

ஸ்பூன் வாங்கினேன். என் பாட்டிலைத் திறந்து முதலில் அதைச் சாப்பிட்டுப் பார்த்தேன். இனிப்பு. நல்ல இனிப்பு. முழுங்கியதும் போய்விட்டது. பிறகு ஸ்டெல்லா அம்மாவுடையது. இது உடனே இனிக்கவில்லை. முதலில் புகை வந்தது. வெல்லம் காய்ச்சுகிற கொப்பரையின் ஓரத்தில் கருகி ஒட்டியிருக்குமே, அந்த வாசனை. அதற்குப் பின்னால் பச்சை மரத்தை அறுக்கும்போது வருகிற வாசனை. வாயில் ரொம்ப நேரம் நின்றது.

மரம் தெரியும் என்று சிஸ்டரம்மா சொன்னது இதுதானா, அல்லது ஸ்டெல்லா அம்மா அடிபிடிக்க விட்டதா, எனக்குத் தெரியவில்லை. வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தேன். அந்தப் பக்கம் ஒன்றும் தெரியவில்லை.

"இது எனக்கு வேணும்" என்றேன்.

"அது ஆவாதுண்ணா. டிசம்பர் கேக்குக்கு வெச்சிருக்கேன். இப்ப இருக்கற ஜெர்மன்காரம்மா அந்தக் கேக்குக்காகத்தான் எனக்கு மரியாத குடுக்குது. யாருக்கு இது?"

சொன்னேன்.

"எவ்ளோ நாளா சாப்புடல?"

"காய்ச்சல் விட்டதுலேர்ந்து."

"காய்ச்சல் எப்ப விட்டுது?"

அதையும் சொன்னேன். அவர் சேலைத் தலைப்பைச் சொருகிக்கொண்டார். பிறகு என் பாட்டிலைக் காட்டினார்.

"அத வெச்சுட்டு இத எடுத்துனு போ."

ஏழுமலை என் தோளைப் பிடித்தான். "மாமா. லேபில் இருக்கற பாட்டிலு. இலை போட்டிருக்கு. அத குடுத்துட்டு, பூஞ்ச புடிச்சி காச்சினத வாங்கினு போறியா? அந்தம்மா இது இல்லன்னு சொல்லிட்டா அப்பால இன்னா பண்ணுவ? அதுனாச்சும் கையில இருக்கட்டும்."

அவன் சொன்னது சரிதான். இரண்டையும் எடுத்துக்கொண்டு போனால் நல்லது. ஆனால் ஸ்டெல்லா அம்மாவுக்கும் டிசம்பர் இருக்கிறது. நான் என் பாட்டிலை அவர் அலமாரியில் வைத்தேன்.

"ஏ குடுத்து பி வாங்கற ஆள இன்னிக்குத்தான் பாக்கறேன்" என்று ஸ்டெல்லா அம்மா சிரித்தார். மூடியை இறுக்கி, மேலே பிளாஸ்டிக் கவர் போட்டு, ரப்பர் பேண்டு சுற்றிக் கொடுத்தார். "அடில இருக்கற கல்கண்ட தூக்கிப் போட்டுடாதீங்க. சுடுதண்ணில பாட்டில வெச்சா எளகும்."

பஸ்ஸில் பாட்டிலை மடியில் வைத்துக்கொண்டேன். ஓசூர் வருவதற்குள் எறும்பு வந்துவிட்டது. ஓடுகிற பஸ்ஸில் எறும்பு எங்கிருந்து வருகிறது என்று தெரியவில்லை. பக்கத்து சீட்டுக்காரர் கையை உதறிக்கொண்டே கேட்டார். "ஏங்க, உங்க மேல எறும்பு ஊருது. சர்க்கரை வியாதியா?" இல்லை என்றேன். அவர் வேறு சீட்டுக்கு மாறிவிட்டார்.

எல்லை தாண்டியதும் செக்போஸ்டில் பஸ்ஸை நிறுத்தினார்கள். கர்நாடகாச் சரக்கு தமிழ்நாட்டுக்கு வருகிறதா என்று பார்க்கிற இடம். ஒரு போலீஸ்காரர் ஏறி ஒவ்வொரு பையாகத் தட்டிக்கொண்டு வந்தார். என் மடியைப் பார்த்து நின்றார்.

"இன்னாயா அது?"

"பாகுங்க."

"லேபில் இல்லாத பாட்டில்ல, இந்தக் கலர்ல, பெங்களூர்லேர்ந்து பாகு எடுத்துனு வர்றியா? எறங்கு."

இறங்கினேன். பஸ்ஸில் எல்லோரும் ஜன்னல் பக்கம் வந்தார்கள். குடித்திருப்பான், அதனால்தான் எறும்பு என்று சீட்டு மாறியவர் யாருக்கோ சொன்னது கேட்டது. ஏழுமலை சொன்ன லேபில் பாட்டிலாக இருந்தால் இந்தத் தொல்லை இல்லை. கீழே ஊற்றிவிடுவாரோ என்று மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன். பாட்டிலை நான் விடவில்லை. திறந்து அவர் பக்கம் நீட்டினேன்.

மோந்து பார்த்தார். சுண்டுவிரலை விட்டு நக்கினார். அண்ணாந்து யோசித்தார்.

"இன்னாயா வெல்லம் இது? கட்டை வாசன அடிக்குது."

"மரத்துலேர்ந்து எடுக்கறதுங்க."

"பனையா?"

"அது மாதிரிங்க. வேற ஊரு மரம். ஆஸ்பத்திரில ஒருத்தருக்கு."

"மருந்தா?"

ஆமாம் என்று சொல்லிவிட்டேன். மூடச் சொன்னார். மூடினேன். ஏறச் சொன்னார். ஏறினேன்.

ஆஸ்பத்திரிக்கு வந்தபோது வெளிச்சம் மங்கிக்கொண்டிருந்தது. பாட்டிலைச் சுடுதண்ணீரில் வைத்து இளக்கினேன். சமையல்கட்டில் இட்லிதான் இருந்தது. ஒரு தட்டில் இரண்டு எடுத்துக்கொண்டு போனேன். டாக்டரம்மாவும் வந்தார்.

சிஸ்டரம்மா கன்னம் இன்னும் உள்ளே போயிருந்தது. மூன்று நாளில் அவ்வளவு. தலையணை வைத்து உட்கார வைத்தோம். பாட்டிலைப் பார்த்தார்.

"லேபிலு எங்கடா?"

"இல்லம்மா."

"பின்ன எப்பிடி பி-ன்னு சொல்ற?"

"நான் சொல்லல. நீங்கதான் சொல்லணும்."

ஸ்பூனில் எடுத்து நீட்டினேன். வாயை மூடிக்கொண்டுதான் இருந்தார். மூக்குக்குக் கிட்டே கொண்டுபோனேன். மூச்சை இழுத்தார். திறந்தார்.

நாக்கில் வைத்துக்கொண்டு அப்படியே இருந்தார். முழுங்கவில்லை. டாக்டரம்மா ஒரு கிண்ணத்தைத் தயாராகப் பிடித்துக்கொண்டார். பிறகு தொண்டை அசைந்தது.

"யாரு இத மறுபடி காச்சினது?"

"ஸ்டெல்லான்னு ஒரு அம்மா. மேல பூஞ்ச கட்டிச்சாம்."

"அடி புடிக்க வுட்டிருக்கா."

"பி தானாம்மா?"

"ஒரு ஸ்பூனுல எப்பிடிடா சொல்றது? அந்த இட்லிய இப்டி தள்ளு."

இட்லியைப் பிட்டு, அதன்மேல் ஊற்றினேன். அவரே எடுத்து வாயில் வைத்துக்கொண்டார். பாகு முகவாயில் வழிந்தது. துடைக்கப் போன டாக்டரம்மாவின் கையைத் தள்ளிவிட்டார். மென்றார். நேரம் எடுத்துக்கொண்டார்.

"டார்க்கா கூட இருக்கலாம். காச்சினதுல கறுத்துப் போயிருக்கும்" என்றார். இன்னொரு விள்ளல் எடுத்தார். "இல்ல. பி மாதிரியும் இருக்குது."

பாதி இட்லி ஆனதும் டாக்டரம்மா தட்டைப் பின்னால் இழுத்தார். "இத்தனை நாள் வெறும் வயிறு, சிஸ்டர். இன்னிக்கு இது போதும்."

"பாதில இழுத்தா நான் எப்பிடி சொல்லுவேன்?" என்றார் சிஸ்டரம்மா. கோபமாகத்தான் சொன்னார். டாக்டரம்மா தட்டைக் கொடுக்கவில்லை.

சிஸ்டரம்மா ஜன்னலைப் பார்த்தார். வெளியே இருட்டிவிட்டது. "டியூப் லைட்டுல கலர் தெரியாது. காத்தால வெயிலு வந்ததும் எடுத்துனு வா. பாத்து சொல்றேன்."

பாட்டிலை மூடி, எறும்பு ஏறாமல் இருக்க ஒரு கிண்ணம் தண்ணீரில் நிறுத்தினேன். சமையல்கட்டுக்குப் போனேன். சிஸ்டரம்மாவுக்குக் காலையில் என்ன என்று அங்கே கேட்டார்கள். கேட்டு ரொம்ப நாள் ஆகியிருந்தது. இரண்டு இட்லி எடுத்து வைக்கச் சொன்னேன்.